மின்கட்டணத்தின் மாதப் பங்கு

1734-ஆம் ஆண்டில், கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், நெசவாளர்களைக் குடியேற்றுவதற்கென்றே உண்டாக்கப்பட்ட சிந்தாதிரிப்பேட்டையின் குறுகலான வீதிகளில் இன்று தறிச் சத்தம் கேட்பதில்லை. ஆயினும், ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் அந்தப் பழைய வீடுகளில், வாடகை, மளிகை, பால், பள்ளிக்கூடச் சம்பளம் என்று சகல செலவுகளையும் மாதக் கிரமத்தில் நடத்திக் காலந்தள்ளும் குடித்தனங்கள் ஏராளமாக இருக்கின்றன. அந்தக் கிரமத்துக்குள் அடங்காமல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து, இருபது நாளுக்குள் தன்னைத் தீர்க்கும்படி கேட்கிறது மின்கட்டணம். மாதந்தோறும் அதற்கென்று எவ்வளவு எடுத்துவைப்பது நியாயம் என்ற கேள்வி, பார்வைக்கு அற்பமாகத் தோன்றினாலும், சித்திரை வைகாசி வெயிலில் கடன் வாங்கிக் கரண்ட் பில் கட்டிய எந்தக் குடும்பத் தலைவிக்கும் அற்பமாகத் தோன்றாது.

கடைசியாக வந்த பில்லை இரண்டாக வகுத்துக்கொள்வதே பெரும்பாலோரின் வழக்கம். மார்கழிக் குளிரில் வந்த பில்லை வகுத்தவர் கோடையில் தவித்துப்போவார். கோடை பில்லை வகுத்தவரோ வேண்டாத பயத்தினால் மற்றச் செலவுகளை ஒடுக்கிக்கொள்வார். வருஷ உபயோகத்தை ஆறு தவணைக்கும் சமமாகப் பரப்பிக் கணக்கிடுவது இதைவிட மேலான வழி என்று தோன்றும்; அதிலும் ஒரு பிசகு உண்டு.

2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த விகிதத்தின்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்கு மேற்படாத வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரையில் 4 ரூபாய் 70 காசு, 500 வரையில் 6 ரூபாய் 30 காசு. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்த 2 ரூபாய் 35 காசுச் சலுகை மறைந்து, 101 முதல் 400 வரை முழுவதுமே 4 ரூபாய் 70 காசாகிவிடும்; 501 முதல் 600 வரை 8 ரூபாய் 40 காசும், அதற்குமேல் 800 வரை 9 ரூபாய் 45 காசும் ஆகும். ஆகையால் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டுகிறவர், 501-ஆவது யூனிட்டைத் தொட்ட மாத்திரத்தில் 2,048 ரூபாய் 40 காசு கட்ட நேரிடுகிறது. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு!

ஏ.சி. ஒன்று வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். தையில் தொடங்கி ஆறு ரீடிங்குகளும் முறையே 260, 420, 640, 500, 400, 280 என்று, ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையில் ஏறியிருக்குமானால், வருஷத்துக்கு 2,500 யூனிட் ஆகிறது. இதை ஆறால் வகுத்து வரும் சராசரிக்கு விலை போட்டால் மாதம் 640 ரூபாய் போதும் என்று விடை வரும். ஆனால் ஒவ்வொரு ரீடிங்குக்கும் அதனதன் படிநிலையிலேயே விலை போட்டு, 517, 1,301, 3,258, 1,805, 1,175, 611 என்று வரும் ஆறு தொகைகளையும் கூட்டினால் 8,667 ரூபாய். மாதப் பங்கு ஏறத்தாழ 722 ரூபாய். யூனிட்டைச் சராசரி பார்ப்பதை விட்டு ரூபாயைச் சராசரி பார்க்க வேண்டும் என்பதே இதில் தெரிந்துகொள்ள வேண்டிய சூட்சுமம். பிரிட்டனில் மின்சாரக் கம்பெனிகளே வருஷச் செலவை மதிப்பிட்டுப் பன்னிரண்டு சம தவணைகளாக வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வெகுகாலமாக இருந்து வருகிறது; கோடையில் சேரும் மிச்சம் அங்கே குளிர்காலத்துக்கு உதவுகிறது. நம் ஊரில் அந்த வேலையைக் குடும்பமே செய்துகொள்ள வேண்டும்; விரும்பினால் மின்வாரியத்திலேயே முன்பணமாகக் கட்டிவைக்கவும் இடமுண்டு.

மாதந்தோறும் ரீடிங் எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். 2021 சட்டசபைத் தேர்தலில் தி.மு.க. அதையே வாக்குறுதியாகவும் அளித்தது. கணக்கீட்டாளர் சில நாள் தாமதித்து வருவதனால் மட்டும் 500-ஐத் தாண்டிவிடும் வீடுகளுக்கு அது நிச்சயமாக நன்மை தரும். ஆனால் படிநிலைகளையும் பாதியாக்கி மாதக் கணக்கு வருமானால், ஒரு மாதம் 200, மறுமாதம் 300 என்று செலவழிக்கும் வீடு இப்போதைய 1,805 ரூபாய்க்குப் பதில் 2,027 ரூபாய் 50 காசு கொடுக்க வேண்டியிருக்கும். இலவச யூனிட்டும் படிநிலைகளும் எப்படி வகுக்கப்படும் என்று கேட்காமல் மாதக் கணக்கை மட்டும் கேட்பது அரைகுறைக் கோரிக்கை என்பது என் அபிப்பிராயம்.

2020-இல் ஊரடங்கினால் ரீடிங் எடுக்க முடியாதபோது, முந்தைய தொகையையே கட்டச் சொல்லி, பின்னர் நான்கு மாத உபயோகத்தை இரண்டாகப் பகுத்து விலை போட்டு, கட்டிய ரூபாயைக் கழித்தது மின்வாரியம். ரூபாயை அல்ல, அதற்குரிய யூனிட்டுகளையே கழிக்க வேண்டும் என்று தொடுக்கப்பட்ட வழக்கை அவ்வருஷம் ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வழக்கு எவ்வாறு முடிந்திருப்பினும், தம் பில் எவ்விதம் போடப்படுகிறதென்று சாதாரண ஜனங்கள் தாமே பென்சில் பிடித்துக் கணக்குப் பார்த்த காலம் அது.

இவை யாவும் தனி இணைப்பு உள்ளவர்களின் விவகாரம். சிந்தாதிரிப்பேட்டை போன்ற இடங்களில் என் மனத்தை அதிகம் வருத்துவது ஒரே இணைப்பில் பல குடித்தனங்கள் அடங்கியிருக்கும் வீடுகளின் நிலைமையே. நடையின் இருண்ட சுவரில், தூசி படிந்த மரப்பலகையில் வரிசையாகப் பொருத்திய சப் மீட்டர்களின் எண்ணை வீட்டுக்காரர் டார்ச் வெளிச்சத்தில் படித்துச் சொல்ல, யூனிட்டுக்கு அவர் விதித்த விலையை, எட்டோ பத்தோ, வாடகையோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் தலைக்கு 200 யூனிட் செலவழிக்கும் மூன்று குடித்தனங்களுக்குத் தனித்தனி இணைப்பு இருக்குமானால் ஒவ்வொன்றுக்கும் 235 ரூபாய்தான். ஒரே இணைப்பில் அது 600 யூனிட்டாகி, மொத்தம் 2,880 ரூபாய், அதாவது தலைக்கு 960 ரூபாய் ஆகிறது. எட்டு ரூபாய் வீதம் வசூலித்தால் தலைக்கு 1,600. அரசாங்கம் வீடுகளுக்கென்று கொடுத்த இலவச நூறு யூனிட் அந்த வசூலில் எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. தனி இணைப்பு வாங்கித் தர வீட்டுக்காரருக்கு வசதிப்படாதவரையில், வெள்ளை அட்டையை எல்லோரும் பார்க்கும்படி நடையிலேயே மாட்டி, வந்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, இங்கே கண்ட கணக்கின்படி 4 ரூபாய் 80 காசு என்றால் அந்த 4 ரூபாய் 80 காசையே வாங்கிக்கொள்வதுதான் முறை.