ஒரு சைக்கிள், ஒரு கூடாரம்: சிவகாசிப் பக்கம் ராத்திரி எங்கே தங்குறது?

ரொம்ப நாளா நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டுட்டே இருக்கீங்க. "வெளிநாட்டுல ஒருத்தர் சைக்கிள்ல தனியா போறார், சாயங்காலம் ஆனதும் ஏதோ ஒரு ஏரிக்கரையில கூடாரம் போட்டுத் தூங்குறார். இதை நம்ம ஊர்ல பண்ண முடியுமா?" பொதுவா பதில் சொன்னா யாருக்கும் உபயோகப்படாது. அதனால ஒரு ரூட்டை எடுத்துக்குவோம்: விருதுநகர்ல கிளம்பி, சிவகாசி வழியா ஸ்ரீவில்லிபுத்தூர். மொத்தமே சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனா யோசிக்க வேண்டியது நிறைய இருக்கு.

அங்கே எப்படி முடியுது?

அந்த வீடியோக்கள்ல கூடாரம் தெரியும், அதுக்குப் பின்னாடி இருக்கிற சட்டம் தெரியாது. நார்வேயில 1957-லேயே இதுக்குச் சட்டம் போட்டுட்டாங்க. வேலி போடாத, விவசாயம் பண்ணாத நிலத்துல, ஆள் குடியிருக்கிற வீட்டுல இருந்து 150 மீட்டர் தள்ளி யார் வேணும்னாலும் கூடாரம் போடலாம். ஸ்காட்லாந்துல 2003 சட்டம் இதே மாதிரி உரிமை குடுக்குது. பக்கத்துல இருக்கிற இங்கிலாந்துல பெரும்பாலும் நில உரிமையாளர்கிட்ட கேட்டாகணும். விதிவிலக்கு டார்ட்மூர். அதுவும் கோர்ட் வரைக்கும் போய், 2025 மே மாசம்தான் உச்ச நீதிமன்றம் "கூடாரம் போடலாம்"னு உறுதி பண்ணுச்சு.

நம்ம ஊர்ல அப்படி ஒரு பொது உரிமை கிடையாது. பட்டா நிலம்னா உரிமையாளர்கிட்ட கேக்கணும். சரணாலயக் காடுன்னா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாம உள்ளேயே போக முடியாது. சாப்ட்வேர் பாஷையில சொன்னா, அங்கே டீஃபால்ட் "ஆம்", இங்கே டீஃபால்ட் "இல்லை". ஆனா இங்கே கேட்டா குடுப்பாங்க. அதுக்குப் பின்னால வரேன்.

பகல்

காலையில அஞ்சரைக்குக் கிளம்பிடுங்க. ஆமத்தூர், திருத்தங்கல் தாண்டி சிவகாசி கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். ரோடு தட்டை, ஏத்தம்னு பெருசா எதுவும் இல்ல. எதிரி வெயில்தான். யோசிச்சுப் பாருங்க, 1920-களின் தொடக்கத்துல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துட்டு வந்து இங்கே ஆரம்பிச்சாங்க. அது இங்கே நிலைச்சு நின்னதுக்கு ஒரு முக்கியக் காரணம் மழை கம்மி, ஈரப்பதம் கம்மி. பட்டாசு காயுறதுக்கு நல்லதா இருக்கிற அதே காத்து உங்களையும் காய வச்சிடும். பத்து மணிக்குள்ள சிவகாசியில நிழல் பார்த்து உக்காருங்க, மூணரைக்கு மேல திரும்பக் கிளம்புங்க. தண்ணி குறைஞ்சது மூணு லிட்டர்.

அடுத்தது பஞ்சர். ரோட்டோரம் எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேலம். அந்த முள்ளு டயரைத் துளைச்சு டியூபுக்குள்ள போய் நிக்கும். டயர் லைனர் போடுங்க, ரெண்டு டியூப் எக்ஸ்ட்ரா வச்சுக்கோங்க. சைக்கிளை ஓரமா நிறுத்தும்போது உருட்டாம தூக்கி வைங்க. மழை பெய்ஞ்சிருந்தா கரிசல் காட்டுப் பாதையில இறங்கவே இறங்காதீங்க. கரிசல் மண்ணு சக்கரத்துல அப்பி, மட்கார்டுக்குள்ள அடைச்சு, வண்டியே நகராது.

இந்த எபிசோடோட முக்கியமான இடம்

சாயங்காலம் ஆறு மணி. ஊரைத் தாண்டி ஒரு பொட்டல். தூரத்துல சின்னச் சின்னக் கட்டடங்கள், தள்ளித் தள்ளி நிக்குது. ஆள் நடமாட்டம் இல்ல. வீடியோ பார்த்துப் பழகின கண்ணுக்கு அது கூடாரம் போட அருமையான இடமாத் தெரியும். அது பட்டாசு ஆலையா இருக்கலாம்.

அந்த அறைகள் தள்ளித் தள்ளி இருக்கிறது தற்செயல் இல்ல. ஒரு அறை வெடிச்சா அடுத்த அறை பத்திக்கக் கூடாதுன்னு வெடிபொருள் விதிகள் சொல்ற இடைவெளி அது. அந்தக் காலி இடமும் ஆலையோட பகுதிதான். உள்ளே வேலை பாக்குறவங்களே தீப்பெட்டி கொண்டு போகக் கூடாது. உராய்வு போதும், மருந்து பத்திக்கும். அலுமினியத் தூள் கலந்த சில கலவைகள் ஈரம் பட்டாலே சூடேறும். அதனாலதான் கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாதுங்கிற விதி. அப்படிப்பட்ட இடத்துக்குப் பக்கத்துல நீங்க கேஸ் அடுப்பைப் பத்த வச்சு நூடுல்ஸ் கிண்டினா என்ன ஆகும்?

போர்டு இருந்தா ஒதுங்கிடலாம். பிரச்சினை போர்டு இல்லாத இடம். உரிமம் இல்லாம கருவேலங்காட்டுக்குள்ள, தகரக் கொட்டகையில, மரத்தடியில வேலை நடக்கிற செய்தி அடிக்கடி வருது. அதனால இந்த வட்டாரத்துல மூணு விஷயம்: ஆளில்லாத கொட்டகையில ஒதுங்காதீங்க, தரையில கிடக்கிற பொடி, திரி எதையும் தொடாதீங்க, வெளியில நெருப்பே வேண்டாம். டீக்கடையும் பரோட்டாக் கடையும் இருக்கிற ஊர்ல அடுப்பைச் சுமந்துட்டுப் போறதே வீண் எடை.

இன்னொண்ணு. தூரத்துல வெடிச் சத்தம், புகை தெரிஞ்சா அந்தப் பக்கம் போகாதீங்க. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில நடந்த விபத்துல கிட்டத்தட்ட 40 பேர் இறந்தாங்க. அவங்கள்ல பலர் அந்த ஆலையில வேலை பார்த்தவங்களே இல்ல. முதல் வெடிச் சத்தம் கேட்டு, உதவி பண்ணவும் பார்க்கவும் ஓடி வந்தவங்க. அடுத்தடுத்த வெடிப்புல சிக்கிட்டாங்க. 2021 பிப்ரவரியில சாத்தூர் பக்கம் அச்சங்குளத்துல 20 பேருக்கு மேல போனாங்க. நமக்கு ஒரு நாள் பயணம், அவங்களுக்கு அது தினமும் போற வேலை. அங்கே நின்னு 'எக்ஸ்ப்ளோர்' வீடியோ எடுக்காதீங்க. போன் பண்ண வேண்டியது 101, 108.

மலை அடிவாரமும் வேண்டாம்

மல்லி தாண்டினா மேற்குத் தொடர்ச்சி மலை தெளிவாத் தெரியும், ஆண்டாள் கோயில் கோபுரமும் தெரியும். "சரி, செண்பகத்தோப்புப் பக்கம் போய்ப் படுத்துக்கலாம்"னு தோணும். அந்த மலை 2021-ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அடிவாரத் தோப்புகளுக்கு யானை வரும். பன்னிக்காகச் சிலர் சட்டவிரோதமா மின்வேலி போட்டிருப்பாங்க, இருட்டுல கண்ணுக்குத் தெரியாது. 2018 மார்ச்ல தேனி குரங்கணி காட்டுத்தீயில மலையேறப் போனவங்க 20-க்கும் மேல இறந்த பிறகு, காட்டுல மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்தாச்சு.

அப்போ எங்கேதான் படுக்கிறது?

இருட்டுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஏதாவது ஒரு ஊருக்குள்ள போங்க. நம்ம பக்கம் வழிப்போக்கர் தங்குறது புதுசு இல்ல. ராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் கட்டின நிலம் இது, மதுரை ரயில் நிலையத்துக்கு எதிர்ல அவங்க பேர்ல சத்திரம் இன்னைக்கும் நிக்குது. ஊர்ச் சாவடி, கோயில் மண்டபம் எல்லாம் அதுக்காகவும்தான் இருந்துச்சு.

டீக்கடையில ஒரு டீ சொல்லிட்டு, பெரியவர் யாராவது இருந்தா கேளுங்க: "அண்ணாச்சி, சைக்கிள்ல வந்திருக்கேன். ராத்திரி மட்டும் கோயில் பக்கத்துல கூடாரம் போட்டுக்கவா? காலையில கிளம்பிடுவேன்." எங்கிருந்து வர்றீங்கன்னு சொல்லுங்க, அடையாள அட்டையைக் காட்டுங்க. கேக்காம ஒளிஞ்சு படுத்தா, திருட்டுப் பயத்துல இருக்கிற ஊர் டார்ச் அடிச்சுட்டு வரும். கேட்டுட்டுப் படுத்தா, அதே ஊர் உங்களைப் பாத்துக்கும். தனியா போற பெண்கள், வீட்டுல இருக்கிற அம்மாக்கள்கிட்டப் பேசிட்டு, வீட்டு முற்றத்துல இடம் கேக்கிறது நல்லது. மனசு ஒப்பலைன்னா யோசிக்காம ஸ்ரீவில்லிபுத்தூர்ல லாட்ஜ் போடுங்க. நேரலை லொகேஷனை வீட்டுல ஒருத்தருக்கு அனுப்பி வைங்க.

காலையில குப்பை எதுவும் விடாம மடிச்சு எடுத்துட்டு, இடம் குடுத்தவங்ககிட்டச் சொல்லிட்டுக் கிளம்புங்க. பால்கோவா வாங்க மறக்காதீங்க, வெயிலுக்கு முன்னாடி சாப்பிட்டுடுங்க. உங்க ஊர்ப் பக்கம் இப்படி ஒரு நாள் ரூட் இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசுவோம்.