மூளைக் கட்டி அறுவைச் சிகிச்சையில் மீயொலிப் படிமம்

மூளைக் கட்டி அறுவைச் சிகிச்சையில் மீயொலிப் படிமம் என்பது, மண்டையோடு திறக்கப்பட்ட பின்னர், மூளையின் உட்புறத்தை மீயொலி அலைகளைக் கொண்டு சிகிச்சையின் போதே படம்பிடித்துக் காணும் முறையாகும். கட்டியின் இடம், ஆழம், எல்லை ஆகியவற்றையும், அகற்றிய பின் ஏதேனும் எஞ்சியுள்ளதா என்பதையும் அறிய இது பயன்படுகிறது.

தேவை

அறுவைக்கு முன் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படமே மருத்துவருக்கு வரைபடமாக அமைகிறது. அப்படத்தை நோயாளியின் தலையோடு பொருத்தி, அறுவைக் கருவியின் முனை எங்குள்ளது எனக் கணினித் திரையில் காட்டும் வழிகாட்டுக் கருவிகளும் உள்ளன. எனினும், மூளையின் வெளியுறை திறக்கப்பட்டதும் மூளைத் தண்டுவட நீர் வெளியேறுகிறது. புவியீர்ப்பினால் மூளை சற்றே அமிழ்கிறது. கட்டி அகற்றப்படும்போது சுற்றியுள்ள திசு உட்சரிகிறது. இது மூளை நகர்வு எனப்படும். சில வேளைகளில் இந்நகர்வு 1 செ.மீ.க்கும் மேற்படலாம். அந்நிலையில் பழைய படம் உண்மை நிலையைக் காட்டாது. பேச்சு, கைகால் அசைவு ஆகியவற்றை ஆளும் பகுதிகளுக்கு அருகில் மிகையாக வெட்டினால் நிலையான ஊனம் நேரலாம்; குறைவாக வெட்டினால் கட்டி எஞ்சிவிடும். எனவே அவ்வப்போது புதிய படம் தேவைப்படுகிறது.

செயற்படும் முறை

வளர்ந்தோரின் மண்டையோட்டு எலும்பு மீயொலியைப் பெரிதும் தடுத்துவிடும். அறுவைக்காக எலும்பு அகற்றப்பட்ட இடமே இங்கு ஒலிக்குச் சாளரமாகிறது. நுண்ணுயிர் நீக்கிய உறையிட்ட கைக்கருவியை மூளையின் வெளியுறை மீதோ மூளையின் மீதோ மெதுவாக வைத்து அலைகள் செலுத்தப்படுகின்றன. திசுக்களின் எல்லைகளில் தெறித்துத் திரும்பும் எதிரொலிகள் படமாக மாற்றப்படுகின்றன. மென்திசுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் செல்வதால், 10 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 0.15 மி.மீ. ஆகும். அதிர்வெண் கூடினால் படம் நுட்பமாகும். ஆனால் அலை ஆழமாகச் செல்லாது.

பெரும்பாலான கட்டிகள் இயல்பான மூளையை விட வெண்மையாகவும், நீர் நிறைந்த மூளை அறைகளும் நீர்க்கட்டிகளும் கருமையாகவும் தோன்றும்.

வரலாறு

ஆஸ்திரிய மருத்துவர் கார்ல் டுசிக் 1942-இல் மண்டையோட்டின் ஊடாக மூளை அறைகளைப் படம்பிடிக்க முயன்றார். அப்படங்களில் தெரிந்தவை பெரிதும் எலும்பினால் விளைந்த தோற்றங்களே எனப் பின்னர் அறியப்பட்டது. 1950-இல் அமெரிக்காவில் பிரெஞ்சு, வைல்டு ஆகியோர், இறந்தோரின் மூளையில் கட்டிகளை மீயொலியால் கண்டறியும் ஆய்வை வெளியிட்டனர். 1980களில் நிகழ்நேரப் படங்கள் அறுவை அரங்கில் பயன்பாட்டுக்கு வந்தன. 1990களில் நோர்வேயின் துரொன்தெய்ம் நகர ஆய்வாளர்கள் முப்பரிமாண மீயொலியை வழிகாட்டுக் கருவியுடன் இணைத்தனர்.

பயன்களும் குறைபாடுகளும்

அறுவை அரங்கினுள் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படத்துடன் ஒப்பிடுகையில், மீயொலி மலிவானது, விரைவானது, தனி அரங்கு தேவையற்றது. வேண்டியபோதெல்லாம் மீண்டும் படம் எடுக்கலாம்.

ஆயினும், கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தைக் கட்டியிலிருந்து பிரித்தறிவது கடினம். கட்டி அகற்றிய குழியை உப்புக் கரைசலால் நிரப்பியே படம் எடுப்பர். மூளைத் திசுவை விட இக்கரைசலில் ஒலி மிகக் குறைவாகவே தணிவதால், குழியின் அடிப்பகுதி மிகையான வெண்மையுடன் தோன்றி, எஞ்சிய கட்டியைப் போல மயக்கக்கூடும். குருதித் துளிகளும் காற்றுக் குமிழிகளும் படத்தைக் கெடுக்கும். இதனால், கட்டி எஞ்சியுள்ளதா என்பதை உறுதியாக அறியவேண்டிய இறுதிக் கட்டத்திலேயே படத்தின் தெளிவு குறைகிறது. ஆகவே படத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள மருத்துவருக்குப் போதிய பயிற்சி இன்றியமையாதது.