பழைய பீப்பாய்க்கு உதிரி பாகம் வாங்குமுன்

பெப்சி, கோகோ கோலா நிறுவனங்கள் அமெரிக்கக் கடைகளுக்குப் பானச் சாறு அனுப்பிய 5 காலன் (சுமார் 19 லிட்டர்) எவர்சில்வர் பீப்பாய்கள், அட்டைப்பெட்டிக்குள் பை வைத்து அனுப்பும் முறை வந்தபின் வேலையற்றுப் போயின. அங்கு வீட்டு உபயோகத்துக்குப் பீர் காய்ச்ச 1978-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்திருந்ததால், பழைய சரக்கு வியாபாரிகளுக்கு ஆள் கிடைத்தது. பழைய சாமான் கைமாறும் கடைக்காரர் எவரும் அறியத்தக்க வியாபாரம் இது.

எவர்சில்வர் உடல் எளிதில் கெடாது. கெடுவது ரப்பர் வளையங்கள்: மூடிக்கு ஒன்று, இரு முனைகளுக்கு இரண்டு, உள்குழாய்களுக்கு இரண்டு. பானத்தின் வாசனை ஊறியிருக்கும். ஐந்தையும் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டியதுதான்.

சிக்கல் முனைகளில்தான். கோகோ கோலா பீப்பாயின் முனையில் சிறு ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வாயு முனைக்கு இரண்டு, பான முனைக்கு மூன்று. பெப்சியின் முனையில் ஊசி கிடையாது. இது கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். தெரியாதது மரை. ஒரே வகையிலும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மரை மாறும். "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்பவர் பேச்சை நம்பி ஸ்பானரால் முறுக்கினால் பீப்பாயின் மரையே அழிந்து, முதலும் போய்விடும். உடலில் பொறித்த தயாரிப்பாளர் பெயரைக் குறித்துக்கொள்க. பெயர் தேய்ந்திருந்தால் பழைய முனையையே கழற்றி எடுத்துச் செல்க.

கழற்றுமுன் உள்ளிருக்கும் வாயுவை முழுதும் வெளியேற்றுவது கட்டாயம். மூடியில் வால்வு இல்லாதவற்றில், வாயு முனையின் நடுவிலுள்ள சிறு தண்டை அழுத்தினால் வாயு இறங்கும். முகத்தை மட்டும் விலக்கிக்கொள்க.