முதலில் கடல், பிறகு மலை: ஜூன் மாத அல்பேனியாவுக்கு ஒரு வழித்திட்டம்

அல்பேனியாவில் 2023-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கு வசிப்போர் சுமார் 24 லட்சம் பேர். அதே ஆண்டில் அந்நாட்டுக்கு வெளிநாட்டினர் வந்துபோன எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. இந்தக் கூட்டம் ஆண்டு முழுக்கப் பிரிந்து வருவதில்லை. ஜூலை பாதியில் தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை தெற்குக் கடற்கரையில் நிழற்குடைகளுக்கு நடுவே நடக்கவும் இடம் கிடைக்காது. அறை வாடகை ஏறிவிடும், வெயிலும் கொளுத்தும். அதனால் மே கடைசி வாரத்துக்கும் ஜூன் மூன்றாம் வாரத்துக்கும் இடையில் தேதி குறிப்பதுதான் நல்லது. இரவு எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கும், சந்தைகளில் செர்ரிப் பழம் குவிந்திருக்கும், தங்குமிடம் தேடி அலைய வேண்டியிருக்காது.

ஆனால் அந்த நான்கு வாரங்களிலும் நாடு முழுவதும் ஒரே பருவநிலை இருக்காது. இதை அறியாமல் திட்டம் போடுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். பரப்பளவு 28,748 சதுர கிலோமீட்டர், கேரளத்தைவிடச் சிறிய நாடு. மே கடைசியில் தெற்கே அயோனியக் கடல் குளிக்கும் பதத்துக்கு, 20 டிகிரியை ஒட்டி வந்திருக்கும். அதே நாளில் வடக்கே அல்பேனிய ஆல்ப்ஸ் மலைகளில், 1,800 மீட்டர் உயரத்துக் கணவாயில் பனி கிடக்கும். ஜூன் பாதிக்குள் அது பெரும்பாலும் உருகிவிடும். விமானம் தலைநகர் டிரானாவில் இறக்கிவிட்டதும் கண்ணில் படும் வடக்கு மலைக்கு உடனே ஓடக் கூடாது. தெற்கே போய்க் கடலில் தொடங்கி, பனி உருக உருக மேலே வர வேண்டும்.

முதலில் விசா. அல்பேனியா ஷெங்கன் வட்டத்துக்குள் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அந்நாட்டு அரசின் மின்விசா தளத்தில் விண்ணப்பிக்கலாம். பலமுறை நுழையும் அனுமதியுள்ள ஷெங்கன் விசாவோ, அமெரிக்க அல்லது பிரிட்டன் விசாவோ கையில் இருந்து, அதை ஒரு முறையாவது பயன்படுத்தியும் இருந்தால் தனி விசா தேவைப்படாது என்பது நடைமுறை. இத்தகைய விதிகள் மாறக்கூடியவை என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்வது கட்டாயம். கிரேக்கத் தீவான கோர்ஃபுவிலிருந்து சரண்டா துறைமுகத்துக்குப் படகில் வரும் வழி அழகானது, குறுகியது. ஆனால் ஒரே முறை நுழையும் ஷெங்கன் விசாவோடு அப்படி வந்தால் மறுபடி கிரேக்கத்துக்குள் கால் வைக்க முடியாது. சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. இஸ்தான்புல் வழியாகவோ வளைகுடா நகரங்கள் வழியாகவோ போக வேண்டும். ஐரோப்பிய நகரம் ஒன்றில் விமானம் மாறினால் சில நாடுகள் அதற்கே தனி விசா கேட்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். டிரானா விமான நிலையத்துக்கு அன்னை தெரசாவின் பெயர். கொல்கத்தாவைத் தன் ஊராக்கிக்கொண்ட அவர் 1910-இல் ஸ்கோப்யேயில் அல்பேனியக் குடும்பமொன்றில் பிறந்தவர்.

நாட்டுக்குள் பயணம் செய்ய ரயிலை நம்ப வேண்டாம். பேருந்துகளும், ‘ஃபுர்கோன்’ என்று அவர்கள் சொல்லும் வேன்களும்தான் ஊர்களை இணைக்கின்றன. பல ஃபுர்கோன்கள் ஆள் நிரம்பியதும் கிளம்பும், காலையில் நிறைய ஓடும், பிற்பகலில் தேடினாலும் கிடைக்காது. ஊர் மாறும் நாளில் விடியலில் எழுவது நல்லது. சொந்தமாகக் கார் ஓட்ட விரும்புவோர் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். மலைச்சாலைகளில் பழக்கமில்லாதவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். லெக் என்ற அந்நாட்டுப் பணத்தை வெளியே மாற்றுவது கடினம். யூரோவைக் கொண்டுபோய் அங்கே மாற்றுவதே வசதி. மலைக் கிராமங்களில் ஏடிஎம்மை எதிர்பார்க்க வேண்டாம்.

தெற்கில் சரண்டாவைத் தங்குமிடமாக வைத்துக்கொண்டால் புட்ரின்டுக்குப் பேருந்து உண்டு. காயலை ஒட்டிய காட்டுக்குள் கிரேக்க அரங்கு, ரோமானியர் கட்டியவை, வெனிசியர் கோபுரம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. 1992-இல் இது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அரங்கின் தரையில் நிலத்தடி நீர் தேங்கியிருப்பதைப் பார்க்கலாம். காலையில் கதவு திறந்ததும் நுழைந்துவிடுங்கள். வழியில் உள்ள கிசமில் கடற்கரையின் நீலத்தைப் படங்களில் பார்த்து மயங்கியவர்கள் ஜூன் முதல் வாரத்தில் போனால் படத்தில் கண்டதையே நேரிலும் காண்பார்கள். ‘நீலக் கண்’ என்ற ஊற்றில் 50 மீட்டருக்கும் கீழே முக்குளிப்பாளர்கள் போயும் அடி தெரியவில்லை. தண்ணீர் கோடையிலும் சுமார் 10 டிகிரிதான். இறங்கிக் குளிக்கத் தடை உண்டு.

ஜிரோகாஸ்தர் கல்லால் ஆன ஊர்: சுவர் கல், தெரு கல், கூரையும் கல் பலகை. சர்வாதிகாரி என்வர் ஹோஜா பிறந்ததும் இங்கேதான், அந்த ஆட்சியின் மூச்சுமுட்டலை எழுத்தில் பதித்த நாவலாசிரியர் இஸ்மாயில் கதாரே பிறந்ததும் இங்கேதான். கதாரே 2005-இல் முதல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசைப் பெற்றார், 2024-இல் காலமானார். அவருடைய வீடு இப்போது காட்சியகம். அதைப் பார்க்காமல் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு வருவது பாதி ஊரைப் பார்த்ததாகும்.

இங்கிருந்து நேரே பெராத்துக்கு ஓடாமல் கிழக்கே பெர்மெத்துக்குத் திரும்பும்படி வற்புறுத்துவேன், வியோசா ஆற்றுக்காக. கிரேக்கத்தின் பிண்டஸ் மலையில் பிறந்து சுமார் 270 கிலோமீட்டர் ஓடி அட்ரியாட்டிக் கடலில் சேரும் இந்த ஆற்றில், அல்பேனிய எல்லைக்குள் கட்டி முடிக்கப்பட்ட அணை ஒன்றுகூட இல்லை. அணை கட்டும் திட்டங்கள் வராமல் இல்லை. கரையோர மக்களும் விஞ்ஞானிகளும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றதால் 2023 மார்ச்சில் ஆறு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சரளைக் கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்தும் கூடியும் வருடந்தோறும் தன் வழியைத் தானே மாற்றிக்கொள்ளும் பெரிய ஆறுகள் ஐரோப்பாவில் அநேகமாக இல்லாமலே போய்விட்டன. மே, ஜூனில் பனிநீர் இறங்குவதால் ரப்பர் படகு விடுவதற்கு நீரோட்டம் போதுமானதாக இருக்கும். பெர்மெத்துக்கு அருகே பெஞ்சாவில் பழைய துருக்கியர் காலக் கல்பாலத்தடியில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. இதே ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தருகே, பூநாரைகள் வந்திறங்கும் நார்தா காயலை ஒட்டி, சுற்றுலாவைக் காரணம் காட்டிப் புதிய விமான நிலையம் எழும்பியிருப்பது வேதனை. பயணிகள் செலவழிக்கும் பணம் பெர்மெத்தின் சிறு விடுதிகளுக்குப் போனால், ஆற்றை ஆறாகவே விட்டுவைப்பதாலும் பிழைப்பு நடக்கும் என்று காட்ட அந்த ஊர்க்காரர்களுக்கு ஆதாரம் கிடைக்கும்.

பெராத்தில் மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளை வீடுகள், வரிசை வரிசையாகச் சன்னல்கள். அங்கே கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. 16-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஒனுஃப்ரியின் சிவப்பைக் கோட்டைக்குள் இருக்கும் தேவாலய அருங்காட்சியகத்தில் காணலாம். 1967-இல் மதத்துக்கே தடை விதித்த நாட்டில் இந்த ஓவியங்கள் தப்பியிருக்கின்றன. டிரானாவுக்கு ஒரு நாள் போதும். அந்த நாளைப் ‘பங்க்ஆர்ட்’ காட்சியகத்துக்குக் கொடுங்கள். அணுகுண்டுக்கு அஞ்சி ஹோஜா தமக்கும் தம் அமைச்சர்களுக்கும் மண்ணுக்கடியில் கட்டிய ஐந்து அடுக்கு, 106 அறைகள். நாடெங்கும் வயலிலும் கடற்கரையிலும் முளைத்து நிற்கும் காங்கிரீட் பதுங்குக் கூடுகள் எதற்கு என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்கும்.

சாப்பாட்டில் இறைச்சிதான் அதிகம் என்றாலும் சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்த ‘பிரெக்’, குடைமிளகாயும் தக்காளியும் கட்டித் தயிர் போன்ற பாலாடைக்கட்டியும் சேர்ந்த ‘ஃபெர்கெஸா’, வெள்ளை மொச்சைச் சாறு ஆகியவை எங்கும் உண்டு. ‘முட்டையும் வேண்டாம்’ என்று தனியே சொல்ல வேண்டும். ‘ஆம்’ என்பதற்குப் பெரியவர்கள் பலர் தலையைப் பக்கவாட்டில் அசைப்பார்கள், ‘இல்லை’ என்பதற்கு மேல்நோக்கி அசைப்பார்கள். மற்ற ஐரோப்பியர் இதில் திணறுவார்கள், தமிழருக்குச் சிரமமே இல்லை.

இனி வடக்கு. ஷ்கோடர் ஊரில் பெரிய பெட்டியை விடுதியில் விட்டுவிட்டு, முதுகுப்பையோடு அதிகாலை வேனில் கோமன் போக வேண்டும். திரின் ஆற்றில் அணை கட்டியபோது உருவான நீளமான ஏரி அது. செங்குத்துப் பாறைகளுக்கு இடையே படகு சுமார் இரண்டரை மணி நேரம் போகிறது. அக்கரையில் இறங்கி வேன் பிடித்தால் வல்போனா. மறுநாள் கணவாய் ஏறி இறங்கி தேத் கிராமம் சேர ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். வழி நெடுகச் சிவப்பு வெள்ளைக் குறிகள் உண்டு. பாறை ஏறும் திறமை வேண்டாம், முழங்காலில் பலம் வேண்டும். பிற்பகலில் இடி மழை வரும் பகுதி என்பதால் காலை ஏழுக்குள் கிளம்பிவிடுங்கள். மூட்டை சுமக்கக் குதிரை வாடகைக்குக் கிடைக்கும். இரு பக்கமும் வீடுகளே விடுதிகள். இரவுச் சாப்பாடும் காலை உணவும் வாடகையோடு சேர்ந்தே வரும். தேத்தில் ஒரு கல் கோபுரம் உண்டு. பழிக்குப் பழி வாங்கும் குடும்பப் பகையில் உயிருக்கு அஞ்சியவர்கள் ஒதுங்கியிருந்த இடம் அது.

தமிழகத்தில் பள்ளிகள் ஜூனில் திறந்துவிடுவதால் பிள்ளைகளோடு மே மாதத்திலேயே போகிறவர்கள் இந்தக் கணவாயை விட்டுவிடுவதே சரி. மற்றவர்களும் வல்போனா விடுதிக்காரரிடம் முந்தின இரவு பாதை நிலவரம் கேட்காமல் ஏறக் கூடாது. பனி இன்னும் இருக்கிறது என்று அவர் சொன்னால் பள்ளத்தாக்கிலேயே ஒரு நாள் நடந்துவிட்டு, வந்த படகிலேயே ஷ்கோடர் திரும்பி, அங்கிருந்து வேனில் தேத் போகலாம். அந்தச் சாலைக்குத் தார் போட்டாகிவிட்டது. இந்தச் சுற்றுக்கு இரண்டு நாள் கூடுதலாகும். ஊர் திரும்பும் விமான டிக்கெட்டை அந்த இரண்டு நாளையும் சேர்த்தே எடுங்கள்.