யார் பெரிய குவார்ட்டர்பேக்? – ஹாஸ்டல் அறையில் ஒரு பட்டிமன்றம்

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



"மலருக்கு ஒரு கட்டுரை கொடுடா" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, 'நேரம் பொன் போன்றது' மாதிரி ஏதாவது எழுதிக் கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எங்கள் அறையில் மூன்று வருஷமாக ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறு எதை எழுத?

அமெரிக்கன் ஃபுட்பாலில் எல்லாக் காலத்துக்கும் பெரிய குவார்ட்டர்பேக் யார்? இதுதான் சண்டை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் சித்தி பையன் முதல் வருஷத்தில் போனில் இந்த ஆட்டத்தை விளக்கினான். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதி ஆட்டம் நம் நேரப்படி திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு ஆரம்பிக்கும். ஒரு செல்போனைச் சுற்றி நாங்கள் நாலு பேர் போர்வையோடு உட்கார்ந்திருப்போம். சிவில் நண்பன் ஜோ மான்டானா கட்சி. எலக்ட்ரிக்கல் நண்பன் பேட்ரிக் மஹோம்ஸ் கட்சி. நான் டாம் பிராடி கட்சி. நாலாவது ஆள் எந்தக் கட்சியும் இல்லை, டீக்காக வருகிறவன்!

எனக்கு இது வெறும் விளையாட்டுச் சண்டை இல்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஆட்டம் என்ன?

பெயர்தான் ஃபுட்பால். காலுக்கு வேலை குறைவு, கைக்குத்தான் வேலை அதிகம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கஜ நீளம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அந்த நாலுக்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடியும் நாலு வாய்ப்பு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரியின் எல்லைக்குள் பந்தோடு போனால் டச்டவுன், 6 புள்ளி.

ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் வந்து சேருவது பெரும்பாலும் குவார்ட்டர்பேக் கைக்குத்தான். எதிரே நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆட்கள் அவரைக் கீழே தள்ளப் பாய்ந்து வருகிறார்கள். அவர் முன்னால் ஐந்து பேர் சுவர் மாதிரி நின்று தடுக்கிறார்கள். அந்தச் சுவர் தாங்குவது ஏறக்குறைய மூன்று விநாடி. அதற்குள் யார் தனியாக ஓடுகிறான், எவன் மேல் காவல் இருக்கிறது என்று பார்த்து, பந்து போய்ச் சேரும் நேரத்தில் நம் ஆள் எங்கே இருப்பான் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்துக்கு வீச வேண்டும். எதிரி பிடித்துவிட்டால் அதற்குப் பெயர் இன்டர்செப்ஷன். பந்தும் போச்சு, மானமும் போச்சு!

கிரிக்கெட்டில் கேப்டனும் பவுலரும் ஒரே ஆளாக இருந்து, ஒவ்வொரு பந்துக்கும் அவரை இரண்டு பேர் துரத்தினால் எப்படி இருக்கும்? அதுதான் குவார்ட்டர்பேக் வேலை.

முதல் சுற்று: மார்க் போட்டுப் பார்க்கலாமா?

"நம்பரை வைத்துச் சொல்லிவிடலாமே, எதற்குச் சண்டை?" என்பான் எலக்ட்ரிக்கல் நண்பன். அதற்கும் ஒரு ஃபார்முலா இருக்கிறது. தேசிய ஃபுட்பால் லீக் 1973 முதல் 'பாஸர் ரேட்டிங்' என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. நமக்குக் கணக்கு புதிதா என்ன? போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் 30 முறை வீசினார். 20 முறை நம் ஆள் பிடித்தான். மொத்தம் 240 கஜம். 2 டச்டவுன். 1 இன்டர்செப்ஷன்.

ஒன்று: பிடித்த விகிதத்தில் 0.3 கழித்து 5-ஆல் பெருக்கினால் 1.83.
இரண்டு: ஒரு வீச்சுக்குச் சராசரி 8 கஜம். அதில் 3 கழித்து 4-ஆல் வகுத்தால் 1.25.
மூன்று: டச்டவுன் விகிதத்தை 20-ஆல் பெருக்கினால் 1.33.
நான்கு: இன்டர்செப்ஷன் விகிதத்தை 25-ஆல் பெருக்கி, 2.375-லிருந்து கழித்தால் 1.54.

நாலையும் கூட்டி, 6-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். 99.3 வரும். நல்ல மார்க்தான். ஒவ்வொரு பகுதியும் 0-க்குக் கீழேயும் போகாது, 2.375-க்கு மேலேயும் போகாது. அதனால் உச்ச மதிப்பெண் 158.3.

இப்போது ஒரு வேடிக்கை. ஒருவர் வீசிய பந்தை ஒருவருமே பிடிக்கவில்லை. எல்லாம் தரையில் விழுந்தது. ஆனால் எதிரியும் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. அவருக்கு மார்க் எவ்வளவு? முதல் மூன்று பகுதியும் பூஜ்யம், நாலாவது முழுசாக 2.375. கணக்குப் போட்டால் 39.6! நம் தியரி பேப்பரில் 40 வாங்கினால் பாஸ். ஒன்றுமே செய்யாத ஆள் பாஸ் மார்க்குக்கு அரை மார்க் பக்கத்தில் வந்து நிற்கிறார்!

ஒர்க்ஷாப்பில் வெர்னியர் காலிப்பரை மூடி வைத்திருக்கும்போதே அது ஓர் அளவு காட்டினால் என்ன சொல்வோம்? 'ஜீரோ எரர்' என்போம். கருவியைத் தூக்கி எறிய மாட்டோம். ஆனால் அந்தப் பிழையை மனசில் வைத்துக்கொண்டுதான் அளப்போம். பாஸர் ரேட்டிங்கும் அப்படித்தான். 2011 சீசனில் ஏரன் ராட்ஜர்ஸ் 122.5 எடுத்தார். அது சாதனைதான். ஆனால் கடைசி நிமிஷத்தில் கை நடுங்கியதா இல்லையா என்பதை அளக்க இந்த ஃபார்முலாவில் இடமே இல்லை.

இரண்டாம் சுற்று: கோப்பையை எண்ணலாமா?

"அப்படியென்றால் ஜெயித்தவன்தான் பெரியவன். கோப்பையை எண்ணு" என்று நான் குதிப்பேன். எனக்குச் சாதகமான சுற்று அல்லவா! பிராடி 10 சூப்பர் பவுல் ஆடி 7 ஜெயித்தவர். அவர் ஓய்வு பெற்ற 2023-இல் எந்த அணியிடமும் மொத்தமாக ஆறு கோப்பைக்கு மேல் இருக்கவில்லை. ஒரு தனி ஆள், எல்லா அணிகளையும்விட அதிகம்!

சிவில் நண்பன் சும்மா இருப்பானா? "உன் ஆள் மூன்று தோற்றான். மான்டானா நாலு ஆடி நாலும் ஜெயித்தார். அந்த நாலு இறுதி ஆட்டத்தில் 122 வீச்சு, 11 டச்டவுன், இன்டர்செப்ஷன் ஒன்றுகூட இல்லை" என்பான். அவன் பிறப்பதற்கு முன்பே ஓய்வு பெற்ற மனிதருக்காக இவ்வளவு ஆவேசம்! ஆனால் 1989 ஜனவரி இறுதி ஆட்டத்தைப் பார்த்தால் அவன் சொல்வது புரியும். மான்டானாவின் சான் பிரான்சிஸ்கோ அணி 13-16 என்று பின்தங்கி இருந்தது. மீதி மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகம். போக வேண்டிய தூரம் 92 கஜம். மான்டானா பதறவே இல்லை. ஒவ்வொன்றாக வீசி, 34 விநாடி மீதி இருக்கும்போது ஜான் டெய்லர் கையில் டச்டவுனைக் கொண்டுபோய் வைத்தார். 20-16 வெற்றி.

சரி, கோப்பைதான் அளவுகோல் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு சிக்கல். இரண்டு இறுதி ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

2016 பிப்ரவரி: பெய்ட்டன் மேனிங் 141 கஜம்தான் வீசினார். டச்டவுன் இல்லை. ஓர் இன்டர்செப்ஷன் வேறு. முடிவு, வெற்றி!
2018 பிப்ரவரி: பிராடி 505 கஜம் வீசினார். சூப்பர் பவுலில் யாருமே அவ்வளவு வீசியதில்லை. முடிவு, 33-41 தோல்வி!

எப்படி? மேனிங்கின் அணியில் தடுப்பு ஆட்டக்காரர்கள் எதிரியை நசுக்கிவிட்டார்கள். பிராடியின் அணியில் தடுப்பவர்களால் எதிரியை நிறுத்த முடியவில்லை. தடுப்பு ஆட்டம் நடக்கும்போது குவார்ட்டர்பேக் மைதானத்திலேயே இருக்க மாட்டார், வெளியே நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும். டேன் மரினோ 1984-இல் 5,084 கஜம், 48 டச்டவுன் வீசி அன்றைய சாதனைகளை நொறுக்கினார். அவரிடம் ஒரு சூப்பர் பவுல் கோப்பைகூட இல்லை. அவரை மட்டம் என்று சொல்ல முடியுமா?

மூன்றாம் சுற்று: அந்தக் காலமா, இந்தக் காலமா?

ஜானி யூனிட்டாஸ் என்று ஒருவர். 1955-இல் பிட்ஸ்பர்க் அணி அவரை எடுத்து, ஒரு ஆட்டம்கூட ஆட விடாமல் அனுப்பிவிட்டது. ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு உள்ளூர் அணியில் ஆடினார். மறு வருஷம் பால்டிமோர் அணி கூப்பிட்டது. 1958 டிசம்பரில் நியூயார்க் அணியைக் கூடுதல் நேரத்தில் 23-17 என்று வீழ்த்தி சாம்பியன் ஆனார். தொடர்ந்து 47 ஆட்டங்களில் குறைந்தது ஒரு டச்டவுன் வீசினார். அந்தச் சாதனையை 2012-இல்தான் ட்ரூ பிரீஸ் முறியடித்தார்.

யூனிட்டாஸ் காலத்தில் பந்து பிடிக்க ஓடுகிறவனை வழியெல்லாம் இடித்துத் தள்ளலாம். 1978-இல் விதியை மாற்றினார்கள். ஐந்து கஜத்துக்கு அப்பால் இடிக்கக் கூடாது. சுவராக நிற்பவர்கள் கையை நீட்டி, உள்ளங்கையால் தடுக்கலாம். அதே வருஷம் ஒரு சீசனுக்கு 14 ஆட்டம் என்பது 16 ஆனது, 2021-இல் 17 ஆனது. 2008-இல் பிராடியின் முழங்காலில் காயம்பட்ட பிறகு, கீழே கிடப்பவன் குவார்ட்டர்பேக்கின் காலில் பாயக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். சைக்கிளில் போனவனையும் பைக்கில் போனவனையும் கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் நியாயமா?

நாலாம் சுற்று: பார்ட்டைக் கழற்றி மாட்டிப் பார்!

மெஷின் ஓடவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? ஒரு பார்ட்டைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டிப் பார்ப்போம். கோளாறு பார்ட்டிலா, மெஷினிலா என்று தெரிந்துவிடும். மனிதர்களிடம் அப்படிச் சோதனை செய்ய முடியாது. ஆனால் பிராடி விஷயத்தில் அது தானாகவே இரண்டு முறை நடந்தது!

முதல் சோதனை 2008. முந்தைய சீசனில் பிராடியோடு நியூ இங்கிலாந்து அணி லீக் ஆட்டம் 16-ஐயும் ஜெயித்தது. 2008-இல் முதல் ஆட்டத்திலேயே பிராடி காயம். மாற்று ஆள் மேட் கேசல் ஆடினார். அணி 11 ஆட்டம் ஜெயித்தது! "பார்த்தாயா? பயிற்சியாளர் பெலிசிக்தான் மெஷின். உன் ஆள் வெறும் ஆபரேட்டர்" என்று நண்பர்கள் இரண்டு பேரும் என் மேல் பாய்வார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு வாய் அடைத்துப் போகும்.

இரண்டாம் சோதனை 2020. பிராடி 43 வயதை எட்டிய வருஷம். புது அணி டாம்பா பே, புதுப் பயிற்சியாளர். அந்த அணி முந்தைய வருஷம் 7 வெற்றி, 9 தோல்வி. பிராடி வந்ததும் 11 வெற்றி, 2021 பிப்ரவரியில் கோப்பை. அவர் விட்டுவந்த நியூ இங்கிலாந்து? 12 வெற்றியிலிருந்து 7-க்கு இறங்கியது.

அந்த இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது யார் தெரியுமா? எலக்ட்ரிக்கல் நண்பனின் மஹோம்ஸ்! 31-9. இதைச் சொல்லி நான் ஆடிய ஆட்டத்துக்கு அடுத்த அறைக்காரன் கதவைத் தட்டியிருப்பான், அவ்வளவு சத்தம். ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். மஹோம்ஸின் சுவரில் இரண்டு ஓரத்து ஆட்களும் காயத்தால் ஆடவில்லை. ஆட்டம் முழுக்க உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் மாதிரி ஓடினார், பாவம். 2024 பிப்ரவரிக்குள், 28 வயதிலேயே, மூன்று சூப்பர் பவுல் ஜெயித்தவர் அவர். அவர் கணக்கை இப்போதே கூட்டிப் பார்ப்பது, மூன்றாவது செமஸ்டரிலேயே டிப்ளமோ சர்டிபிகேட் கேட்பது மாதிரி.

என் தீர்ப்பு

மூன்று வருஷச் சண்டையில் நான் கற்றது ஒன்றுதான். 'யார் பெரியவர்' என்பது பாதிக் கேள்வி. 'எதில்' என்று சேர்த்தால்தான் முழுக் கேள்வி. கடைசி மூன்று நிமிஷம், ஒரே ஒரு வாய்ப்பு, பிழை கூடாது என்றால் நானும் மான்டானாவையே கூப்பிடுவேன் (சிவில் நண்பா, எழுத்தில் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்). பேர் வைத்து ஆட்டத்தை மாற்றியவர் யார் என்றால் யூனிட்டாஸ். இருபத்து மூன்று சீசன் நின்று, விதி மாறினாலும் அணி மாறினாலும் வேலையை முடித்தவர் யார் என்றால் பிராடி. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஓட்டு என்றால் என் ஓட்டு பிராடிக்கே. 2008-ஐ மறைக்காமல் சொல்லித்தான் ஓட்டுப் போடுகிறேன்.

இப்போது, முதலில் சொன்ன விஷயம். இந்த வருஷம் ஒரு கம்பெனி வளாகத் தேர்வுக்கு வந்தது. ஒரு அரியர் இருந்ததால் என்னை உள்ளேயே விடவில்லை. நண்பர்கள் உள்ளே போனார்கள், நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். லேத்தில் என் கை எப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நம்பரைப் பார்த்தார்கள், முடிந்தது.

அன்று ராத்திரி மறுபடியும் இதே சண்டை. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. 2000-ஆம் வருஷத் தேர்வில் பிராடியை எடுத்தது 199-ஆவது ஆளாக. அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகளை எடுத்துவிட்டார்கள். ஓட்டத் தேர்வில் 40 கஜத்தை 5.28 விநாடியில் ஓடினார், குவார்ட்டர்பேக்குக்கே அது மெதுவான ஓட்டம். ஸ்டாப்வாட்ச் பொய் சொல்லவில்லை. ஓட்டத்தைச் சரியாகத்தான் அளந்தது. அவர் வேலை ஓடுவது இல்லை, அவ்வளவுதான்! கர்ட் வார்னர் என்று இன்னொருவர். அணி வேண்டாம் என்றதும் மளிகைக் கடையில் ராத்திரி ஷிப்டில் மணிக்கு ஐந்தரை டாலருக்கு அலமாரி அடுக்கினார். 2000 ஜனவரியில் சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

இதனால் 'அரியர் வைத்தால் தப்பில்லை' என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள்! அந்த 199 பேர் வரிசையில் பின்னால் நின்றவர்களில் ஒருவர்தான் பிராடி ஆனார், மீதிப் பேர் பெயர் நமக்குத் தெரியாது. நான் அரியரை எழுதிவிட்டேன். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன். ஆனால் அந்த நம்பர் எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்பது இப்போது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும் என்றுதான் இத்தனை பக்கம் எழுதினேன்.

அடுத்த பிப்ரவரியில் நாங்கள் நாலு பேரும் நாலு ஊரில் இருப்போம். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு யாராவது ஒருத்தன் போன் பண்ணி, "என்னடா, உன் ஆள் பெரியவனா, என் ஆள் பெரியவனா?" என்று கேட்டால் போதும். டீ போட ஆள் இருக்காது. அது ஒன்றுதான் குறை.