முதுமையும் மறதியும்: அறிவாற்றற் சீர்குலைவுகளின் வகைப்பாடு பற்றிய ஒரு நோக்கு

வயோதிபர் ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும்போது, 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பது யாழ்ப்பாணத்து வழக்கு. எழுத்து வழக்கில் டிமென்சியாவை 'முதுமை மறதி' என்கிறோம். இத்தொடரில் இரு அனுமானங்கள் பொதிந்துள்ளன: இந்நோய் முதுமைக்கே உரியது, மறதியே அதன் அடையாளம். மருத்துவ வகைப்பாடுகளும் நெடுங்காலம் இவற்றைச் சார்ந்தே நின்றன. அவை எவ்வாறு கைவிடப்பட்டன என்பதை ஈண்டு நோக்குவோம்.

1906ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ரியூபிங்கன் நகரில், ஐம்பதுகளில் இறந்த பெண்ணொருவரின் மூளையிற் கண்ட மாற்றங்களை அலோயிஸ் அல்சைமர் விவரித்தார். 1910இல் எமில் கிரெப்லின் தமது உளமருத்துவப் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். இதன் விளைவாக, முதுமைக்கு முன்னர் தோன்றும் அரிய நோயொன்றுக்கே அப்பெயர் உரியதாயிற்று. முதியோரின் நோய் வேறெனக் கொள்ளப்பட்டது. எனினும் இருசாராரின் மூளையிலும் ஒரே தன்மையான படிவுகளும் நார்முடிச்சுகளும் காணப்பட்டன. இதனை எடுத்துக்காட்டி, வயதெல்லையை வைத்து நோயைப் பிரித்தல் பொருந்தாது என 1976இல் அமெரிக்க நரம்பியலாளர் றொபேட் கட்ஸ்மன் வாதிட்டார்.

இரண்டாவது அனுமானம் மேலும் நீடித்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூல், 1980ஆம் ஆண்டுப் பதிப்பிலும் 1994ஆம் ஆண்டுப் பதிப்பிலும் நினைவுக் குறைபாட்டை இன்றியமையாத நிபந்தனையாக விதித்தது. ஆயின் மூளையின் முன், பக்க மடல்களைத் தாக்கும் வகையில் தொடக்கத்தில் நினைவு பெரிதும் குன்றுவதில்லை. உறவினர் பெயரும் கொடுக்கல் வாங்கலும் நினைவிலிருக்க, பரிவும் நாணமும் அற்றுப்போகலாம். அன்றிச் சொல்வளம் தேயலாம். இத்தகையோர் நோயாளராகக் கணிக்கப்படாது, குணங்கெட்டவராகப் பழிக்கப்படும் நிலை எளிதில் நேரும்.

2013ஆம் ஆண்டுப் பதிப்பு இந்நிபந்தனையை நீக்கியது. கவனம், திட்டமிட்டுச் செயற்படும் ஆற்றல், கற்றலும் நினைவும், மொழி, புலனியக்கத் திறன், சமூக அறிவு ஆகிய ஆறு துறைகளை அது வகுத்தது. இவற்றுள் ஒன்றிலேனும் குறிப்பிடத்தக்க வீழ்ச்சி ஏற்பட்டு, அன்றாட வாழ்வில் பிறரைச் சார்ந்திருக்க நேரின் அது பெருஞ்சீர்குலைவு. வீழ்ச்சி சிறிதாகித் தற்சார்பு குன்றாதிருப்பின் இலேசான சீர்குலைவு. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது வகைப்பாடு 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்தது. இது டிமென்சியா என்னும் பெயரைப் பேணியது. ஆயினும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறைகளில் வீழ்ச்சி வேண்டுமென்றது. நோய்நிலையை உளநோய் அத்தியாயத்திலும், அதற்குக் காரணமான அல்சைமர் நோயை நரம்புத்தொகுதி அத்தியாயத்திலும் அது வைத்துள்ளமை குறிப்பிடத்தக்கது.

வகைப்பாடு வெறும் பெயரிடல் அன்று. யாரை நோயாளர் என ஏற்பது என்பதை அதுவே தீர்மானிக்கின்றது. தைரொயிட் சுரப்புக் குறைவு, விற்றமின் பீ12 குறைபாடு முதலிய திருத்தத்தக்க காரணங்களாலும் அறிவாற்றல் குன்றக்கூடும். 'வயதுதானே' என அமைதி கொள்ளும் வீட்டில் அப்பரிசோதனை நிகழ்வதில்லை. ஆதலின் 'முதுமை மறதி' என்பதினும் 'அறிவாற்றல் இழப்பு' என்னும் தொடரே பொருத்தமானது என்பது எமது கருத்தாகும்.