கூடத்து டிவிக்கு ஒரு கணினி: ஒட்டுச்சீட்டைப் படித்து வாங்குவது எப்படி?

கல்யாண வீடியோ கேசட்டை என்றைக்கோ டிவிடியாக மாற்றி வைத்திருப்பீர்கள். பிள்ளையின் ஆண்டுவிழா உங்கள் போனில் இருக்கும். பத்து வருடப் புகைப்படங்கள் பழைய லேப்டாப்பில் கிடக்கும். இவையெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து, கூடத்து டிவியில் நினைத்ததும் ஓட வேண்டும் என்றால், டிவிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊடகக் கணினி (படம், பாட்டு, புகைப்படங்களைச் சேமித்து டிவியில் காட்டுவதற்கென்றே வைக்கும் கணினி) வைக்கலாம்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருப்பதை விட்டுவிட்டு, பொருளின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் சிறிய சீட்டைப் படிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

எனக்கு இது உண்மையிலேயே தேவையா?

நீங்கள் பார்ப்பது ஓடிடியும் யூடியூபும் மட்டும்தான் என்றால் தேவையில்லை. டிவியில் உள்ள செயலியே போதும். ஓடிடி நிறுவனங்கள் பல, படம் திருடப்படுவதைத் தடுக்க, கணினி பிரவுசரில் தெளிவைக் குறைத்துத்தான் தருகின்றன. அதற்காகக் கணினி வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பென்டிரைவை டிவியிலேயே செருகினால் ஆகாதா? பல கோப்புகளுக்கு ஆகும். சில கோப்புகளில் படம் வரும், சத்தம் வராது; டிடிஎஸ் வகை ஒலியைப் பல டிவிகள் ஏற்பதில்லை. ஆயிரக்கணக்கான புகைப்படங்களில் ஒன்றைத் தேடவும் டிவியில் வசதி குறைவு. சொந்தச் சேமிப்பு நிறைய இருக்கிறது, அதை ஒழுங்காக வைத்துப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் ஊடகக் கணினி.

மென்பொருளுக்குச் செலவில்லை. டிவித் திரைக்கு ஏற்ற பெரிய எழுத்துகளோடு படங்களை அடுக்கிக் காட்டும் 'கோடி' இலவசம். வீட்டில் உள்ள மற்ற போன்களுக்கும் டிவிகளுக்கும் படத்தை அனுப்பும் 'ஜெல்லிஃபின்' என்பதும் இலவசமே.

எவ்வளவு வேகமான பிராசசர் வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. வீடியோ கோப்பு என்பது இறுக்கி மடித்த புடவை மாதிரி. ஓடும்போது அதை விரிக்க வேண்டும். இதற்கென்றே சிப்பில் ஒரு தனிப் பகுதி உண்டு. அது செய்யும் வேலைக்கு வன்பொருள் டிகோடிங் (சுருக்கிய வீடியோவைச் சிப்பின் தனிப்பகுதியே விரிப்பது) என்று பெயர். அது இருந்தால் மிகச் சிறிய சிப்பும் 4கே படத்தை வழவழவென்று ஓட்டும். இல்லாவிட்டால் விலையுயர்ந்த பிராசசரும் சூடாகி, விசிறி இரைச்சல் போடும்.

2023-ன் தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100 சிப்பைப் பாருங்கள். அதன் மின்வரம்பு 6 வாட்தான். ஆனால் போன்கள் பதிவு செய்யும் எச்இவிசி, யூடியூப் அனுப்பும் விபி9, ஏவி1 ஆகிய மூன்றையும் அது தானே விரிக்கிறது. பழைய கணினி வாங்குவதானால் 2016-17-ல் வந்த இன்டெல் ஏழாம் தலைமுறையை எல்லையாக வையுங்கள். 10 பிட் (நிறங்களைக் கூடுதல் நுணுக்கத்தோடு பதிவு செய்யும் வகை) எச்இவிசி படத்தை முழுதாக விரிக்கும் வசதி அதிலிருந்துதான் வந்தது.

ரேம் 8 ஜிபி போதும். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம்.

கடைக்காரர் சொல்வதைச் சரிபார்க்க முடியுமா? முடியும். உங்கள் போனில் எடுத்த 4கே வீடியோ ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய் ஓட்டச் சொல்லுங்கள். ஓடும்போது விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'ஜிபியு' பக்கத்துக்குப் போங்கள். அங்கே 'வீடியோ டிகோட்' என்ற கட்டத்தில் கோடு ஏறியிருந்தால் சிப் தன் வேலையைச் செய்கிறது. அந்தக் கோடு தரையிலேயே கிடக்க, 'சிபியு' மட்டும் 80, 90 சதவீதம் காட்டினால், முதலில் வேறொரு பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் அந்தக் கணினியை விட்டுவிடுங்கள்.

பாகங்களில் எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது?

எஸ்எம்பிஎஸ்ஸில் (சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றும் பெட்டி). அது கெட்டால் சில சமயம் மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகும்.

நான் ஒருமுறை கேபினெட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ்ஸை நம்பினேன். முகப்பில் '450 வாட்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. இரண்டாவது கோடையில் கணினி தானாகவே அணைந்து அணைந்து எழுந்தது. கழற்றி எடுத்துப் பக்கவாட்டுச் சீட்டை அன்றைக்குத்தான் படித்தேன். 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே 16 ஆம்பியர் என்று இருந்தது.

அந்தக் கணக்கை நீங்களும் போடலாம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 12 பெருக்கல் 16, ஆக 192 வாட். இன்றைய கணினி ஏறக்குறைய எல்லா வேலைக்கும் இந்த 12 வோல்ட்டைத்தான் எடுக்கிறது. எனவே அந்தப் பெட்டியின் உண்மையான பலம் 192 வாட்தான், 450 இல்லை. நேர்மையான 450 வாட் பெட்டியில் 12 வோல்ட்டுக்குக் கீழே 36 ஆம்பியர் போல எழுதியிருக்கும். பெருக்கினால் 432 வரும். கடையில் நின்றுகொண்டே இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்.

'80 பிளஸ்' முத்திரை இருந்தால் நல்லதா? நல்லது. ஆனால் அது எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எடுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தைக் கணினிக்குக் கொடுக்கிறது, மீதிதான் சூடாக வீணாகிறது என்பதே அதன் பொருள். எத்தனை வருடம் உழைக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. அதற்கு வாரண்டி எத்தனை வருடம் என்று பாருங்கள். இரண்டு வருடம் தருபவரைவிட ஐந்து வருடம் தருபவர் தன் பொருளைக் கூடுதலாக நம்புகிறார்.

கையளவு மினி கணினியில் எஸ்எம்பிஎஸ் இருக்காது, அடாப்டர்தான் இருக்கும். அதற்கும் சீட்டு உண்டு. இந்தியாவில் விற்கும் அடாப்டரில் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் தயாரிப்பாளர் பெயர் வரும். வராவிட்டால் அந்த அடாப்டரைக் கூடத்தில் இரவெல்லாம் செருகி வைக்காதீர்கள்.

மதர்போர்டின் தரம் கண்ணால் பார்த்தால் தெரியுமா?

ஓரளவு தெரியும். போர்டில் சிறு டப்பாக்கள் போல நிற்பவை மின்தேக்கிகள் (மின்சாரத்தைச் சற்றே தேக்கி ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்பவை). அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். அப்பளம் உப்பியது போல மேடாகவோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அந்தப் போர்டு அதிக நாள் தாங்காது. 2000-களின் முதல் பாதியில், உள்ளே ஊற்றிய திரவத்தின் கோளாறால் இப்படி உப்பிய மின்தேக்கிகள் உலகமெங்கும் ஏராளமான கணினிகளைக் கெடுத்தன. இப்போது நல்ல போர்டுகளில் திரவம் இல்லாத திட வகையே வருகிறது.

திரவ வகையாக இருந்தால் அதன் மேலேயே 85 அல்லது 105 என்ற எண் இருக்கும். அது தாங்கும் வெப்பம். 105 உள்ளதைத் தேடுங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் மின்தேக்கியின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது மின்னணுத் துறையில் நெடுங்காலமாக உள்ள கணக்கு. அக்னி நட்சத்திர வெயிலில் டிவி அலமாரியின் மூடிய அறைக்குள் கணினியை வைப்பது ஏன் தவறு என்பது இதில் விளங்கும். பின்புறமும் மேலேயும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

விசிறி? பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினால் சத்தம் குறைவு. அமைதியான காட்சியில் விர்ரென்ற இரைச்சல் கேட்டால் படம் பார்க்க மனம் வராது. வாங்கும் முன் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, காதை அருகில் வைத்துக் கேளுங்கள்.

எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்கா?

இரண்டும். விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் 256 ஜிபி எஸ்எஸ்டி (அசையும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பு). படங்களுக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க், ஏனென்றால் அதில் ஒரு ஜிபிக்கு விலை குறைவு.

எஸ்எஸ்டி எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்கிறார்களே? கணக்கைப் பாருங்கள். 100 டிபி வரை எழுதலாம் என்று சொல்லும் சாதாரண எஸ்எஸ்டியில் தினமும் 20 ஜிபி எழுதினாலும் 5,000 நாள், அதாவது 13 வருடத்துக்கு மேல் ஆகும். ஊடகக் கணினியில் அவ்வளவு எழுதவும் மாட்டோம்.

உண்மையான கவலை, புதிதென்று சொல்லிப் பழைய டிஸ்க்கைத் தலையில் கட்டுவது. 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள், டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். 'புது' டிஸ்க் 20,000 காட்டினால் அது எங்கோ இரண்டு வருடத்துக்கு மேல் இரவுபகலாக உழைத்துவிட்டு வந்திருக்கிறது. அதே திரையில் 'ரீஅலோகேட்டட் செக்டர்' (கெட்டுப்போனதால் டிஸ்க் ஒதுக்கி வைத்த இடங்கள்) என்ற வரியின் 'ரா வேல்யூ' எண் சுழியமாக இருக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. அலுவலகங்கள் கழித்துவிடும் டெல், எச்பி, லெனோவா மினி கணினிகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கும். வருடக்கணக்கில் உழைக்கும்படி கட்டப்பட்டவை அவை. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. ஏழாம் தலைமுறைக் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. அவற்றில் 'லிப்ரேஎலெக்' போட்டால் கணினி திறந்ததுமே கோடி வந்து நிற்கும், விண்டோஸே தேவைப்படாது.

மூன்றைப் பாருங்கள். பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பழைய நிறுவனத்தின் பாஸ்வேர்டு இருக்கக் கூடாது. அதே நிறுவனத்தின் அடாப்டர் கூடவே வர வேண்டும். பின்புறம் எச்டிஎம்ஐ இருக்கிறதா, டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமா என்று பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் என்றால் மாற்றி ஒன்று வாங்க வேண்டும். அதில் '4கே 60' என்று இருக்கட்டும். 30 என்றிருந்தால் திரையில் அம்புக்குறி திக்கித் திக்கி நகரும்.

டிவி ரிமோட்டாலேயே கணினியை இயக்கலாமா? பெரும்பாலான கணினிகளில் அந்த வசதி இல்லை. கையடக்க விசைப்பலகையோ ஏர்மவுஸோ (காற்றில் அசைத்தாலே அம்புக்குறியை நகர்த்தும் ரிமோட்) வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களும் பயன்படுத்த வேண்டும் என்றால் இந்தச் சிறு செலவைத் தவிர்க்காதீர்கள்.

கரண்ட் பில் எகிறுமா?

எந்தக் கணினி என்பதைப் பொறுத்தது. 10 வாட் எடுக்கும் மினி கணினியை இரவுபகலாக ஓட்டினாலும் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம். 80 வாட் எடுக்கும் பழைய பெரிய கணினியை அப்படி விட்டால் 115 யூனிட். தமிழ்நாட்டில் 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக அறிவித்த 100 யூனிட்டைவிட அது ஒன்றே அதிகம்.

கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று படுகிறதா? அது எர்த் சரியில்லை என்பதன் அடையாளம். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் மாற்றியில் செருகாதீர்கள். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும்போது கணினி அணைகிறது என்றால், இன்வெர்ட்டரில் 'யுபிஎஸ்' என்ற சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அந்தப் பக்கம் தள்ளினால் மின்சாரம் விரைவாக மாறும்.

வாங்கி வந்த பிறகு?

முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள். ரேமைச் சோதிக்கும் 'மெம்டெஸ்ட்86' ஓர் இரவு முழுக்க ஓடட்டும். ரேமில் ஒரு பிழை வந்தாலும் மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுநாள் மூன்று மணி நேரப் படத்தை நிறுத்தாமல் ஓட்டுங்கள். குறை இருந்தால், கடைக்காரர் பில்லைப் பார்த்து மாற்றித் தரும் நாள்களுக்குள் தெரிந்துவிட வேண்டும்.

பிறகு எல்லாவற்றையும் அதில் ஏற்றுங்கள். ஆனால் குடும்பப் படங்களை ஒரே டிஸ்க்கில் நம்பி வைக்காதீர்கள். நல்ல டிஸ்க்கும் ஒருநாள் நிற்கும். இன்னொரு பிரதியை வேறு டிஸ்க்கில் எடுத்து, முடிந்தால் அண்ணன், தங்கை வீட்டில் கொடுத்து வையுங்கள்.

கடைசியாக, பில்லையும் எஸ்எம்பிஎஸ், டிஸ்க், ரேம், மதர்போர்டு ஆகியவற்றின் ஒட்டுச்சீட்டுகளையும் போனில் படமெடுத்து, அந்தப் பிரதியோடு சேர்த்துவிடுங்கள். பில்லின் மை ஒரு வருடத்தில் மங்கிவிடும். நான்காவது வருடத்தில் ஒரு பாகம் நின்று, வாரண்டி கேட்டுப் போகும்போது, முதலில் கேட்பது அந்தச் சீட்டில் உள்ள எண்ணைத்தான்.